மூன்று படிகள் கூடுதல்

வரைபடத்தில் நாலாயிரத்து நாற்பத்தொன்பது மீட்டர்.
பெர்னினா அந்த எண்ணைக் காப்பாற்றிக்கொள்கிறது.
நழுவுவது அடிவாரம்தான்.
கோடைக்குக் கோடை பனியாறு ஒரு சுற்று இளைத்து
கீழே உட்கார்ந்துகொள்கிறது.
வெயில் காணாத பாறை ஈறுபோல வெளியே தெரிகிறது.
கணவாய்க்கு ஏறும் சுவரில்
முதல் கம்பிப்படிக்கும் பனிக்கும் நடுவே
ஓர் ஆள் உயரத்துக்கு வெறுங்காற்று.
அந்தக் காற்றை நிரப்பத்தான் எங்களுக்குக் கூலி.

யாகென் முதுகில் துளைக்கருவி.
என் முதுகில் மூன்று இரும்புப் படி, ஆறு போல்ட்,
கம்பு ரொட்டி, பாலாடைக்கட்டி.
சீர்வா குடிலை விட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினோம்.
விளக்கு இரண்டு. பேச்சில்லை.
இருபத்திரண்டு நாளாய் இல்லை.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு படி கழன்றது.
லின்ஸ் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவருக்குக்
கணுக்கால் போயிற்று.
அறிக்கையில் யாகென் எழுதினான்:
அந்தத் திருகை முறுக்கியவள் மெங்கியா.
முறுக்கியவள் நான்தான்.
பொய் எழுதியிருந்தால் மன்னித்திருப்பேன்.

எட்டு மணிக்கு வேலை முடிந்தது.
ஆறு போல்ட்டையும் அவனே முறுக்கினான்.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
துளைக்கருவியைப் பாறையிடுக்கில் கட்டிவிட்டு
வானத்தைப் பார்த்தான், பிறகு முகட்டைப் பார்த்தான்,
தாடையை ஒருமுறை அசைத்தான்.
அதற்கு யாரும் கூலி தருவதில்லை.
கயிற்றின் மறுமுனையை நான் கட்டிக்கொண்டேன்.

வெள்ளை முகடு.
தூரத்தில் பார்க்கிறவர்கள் அதைக் கத்தி என்பார்கள்.
மேலே நிற்கிறவளுக்கு அது
ஒரு பூட்ஸ் அகலமுள்ள சந்து;
இரண்டு பக்கமும் வீடுகள் இல்லாத சந்து.
இடப்பக்கம் மொர்த்தெராட்ச், வலப்பக்கம் சீர்வா.
எந்தப் பக்கம் உருகினாலும்
பொன்ட்ரெசினாவில் வந்து சேர்ந்துவிடும் அந்தத் தண்ணீர்,
என் சமையலறை ஜன்னலுக்குக் கீழே.
பாத்திரம் கழுவும்போது கேட்கும்.

இங்கே கயிற்றுக்கு ஒரே சட்டம்.
முன்னால் போகிறவன் இடப்பக்கம் விழுந்தால்
பின்னால் வருகிறவள் வலப்பக்கம் குதிக்க வேண்டும்.
யோசிக்க நேரமில்லை.
யோசித்தால் இரண்டு பேரும் ஒரே பள்ளம்.
இதைப் பயணிகளுக்கு நான் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.
சிரிப்பார்கள்.

மணி பத்தைத் தாண்டியிருக்கும்.
அவன் காலடியில் பனித்தகடு
சாப்பாட்டுத் தட்டு உடைகிற சத்தத்தோடு விட்டுப்போனது.
இடப்பக்கம்.
முழங்கால்வரைதான்.
குதிரைமேல் உட்கார்ந்ததுபோல் முகட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான்.
தொப்பிகூட விழவில்லை.

நான் எங்கே இருந்தேன் என்பதுதான் விஷயம்.
வலப்பக்கச் சரிவில் ஒரு கால்,
இடுப்பு பாதி காற்றில்,
கோடரி கையில் ஓங்கியபடி.
யார் என்னை அங்கே அனுப்பியது?
இருபத்திரண்டு நாளாய்
அவனைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம்
என் கால் கேட்கவே இல்லை.

அவன் திரும்பிப் பார்த்தான்.
நான் நின்ற இடத்தைப் பார்த்தான்.
கயிறு நடுவில் தொய்ந்து கிடந்தது.
இரண்டு பேரும் எழுந்து நடந்தோம்.

உச்சியில் காற்று. எட்டு நிமிடம்.
தெற்கே உருகுவது அத்தா, போ வழியாக ஏட்ரியாட்டிக்குக்கு,
வடக்கே உருகுவது கருங்கடலுக்கு.
பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு மதிப்பெண்.
யாகென் மிச்சத் தேநீரைக் கீழே கொட்டவில்லை,
எந்தக் கடலுக்கும் கொடுக்கவில்லை;
மூடியில் ஊற்றி நீட்டினான்.
இனிப்பு அதிகம். குடித்தேன்.

மாலை, இத்தாலியப் பக்கத்துக் குடிலில்
சூப் கொண்டுவந்த பெண் கேட்டாள்:
வழி எப்படி இருக்கிறது?
'மூன்று படி கூடுதல்' என்றான் யாகென்.
'ஒருமுறை அவளும் முறுக்கிப் பார்க்கணும்.'

அவன் கரண்டி கிண்ணத்தில் தந்தியடித்தது.
நான் உப்பு எங்கே என்று தேடினேன்.